கங்காணி வீட்டுக் கார் – 14: கால் கழுவ வேண்டிய கை

பெரிய கங்காணி இராமையாவுக்கு வாய் அடைத்துப்போய் இரண்டு மாதம் ஆகிறது. ஆனால் வாய் இருந்த காலத்தில் அவர் சொன்ன ஒரு வாக்கு இன்னும் உயிரோடு இருந்தது. அதை எப்படிக் கொல்லலாம் என்று ஒருத்தியும், எப்படிக் காப்பாற்றலாம் என்று ஒருவனும் ஒரே வீட்டுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்ன வாக்கு? மகள் நாகலெட்சுமியின் நிச்சயதார்த்தத்தன்று, இரண்டு தோட்டத்துச் சனமும் கூடியிருந்த சபையில், மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள்: "பொண்ணுக்குக் கூடப்பிறந்தவன் யாருங்க? மாப்பிள்ளைக்குக் கால் கழுவி, கையைப் புடிச்சு மணவறைக்கு அழைச்சிட்டு வரணுமே?"

பெரிய கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தவனைக் கைகாட்டினார். "ஏன், எம் மகன் அழகுமுத்து இருக்கான்ல?"

சபை திரும்பி அவனைப் பார்த்தது. அழகுமுத்து அவருடைய மகன்தான் என்பது வெள்ளைப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவன் பெரிய வீட்டு அம்மா பேச்சியம்மா பெற்ற பிள்ளை இல்லை. கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் இருந்து கொழுந்து பறிக்கிற காளியாயி பெற்ற பிள்ளை. விவரம் தெரிந்த நாளாகப் பெரிய வீட்டில் எடுபிடி. கை எட்டியதும் காருக்கு டிரைவர். படுக்கை கார் கொட்டகையில். அந்த வீட்டில் அவனை 'ஆள்' என்றார்கள், 'அவன்' என்றார்கள். 'மகன்' என்ற சொல் அந்த ஒரு நாள்தான் காதில் விழுந்தது. விழுந்த கொஞ்ச நாளிலேயே பெரிய கங்காணியைப் பக்கவாதம் அடித்துப் படுக்கையில் தள்ளிவிட்டது.

யூனியன் வந்த பிறகு பெரிய கங்காணி என்பது பேருக்குத்தான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் முன்னால் நின்று கூலிச் சனத்தை அதட்டின காலமெல்லாம் போயே போய்விட்டது. மிஞ்சினது வீடும், இந்தப் பழைய ஆஸ்டின் காரும், சபையில் சொன்ன சொல்லும்தான். வீடும் காரும் பேச்சியம்மாவுக்கு. சொல் மட்டும் அழகுமுத்துவுக்கு.

இன்றைக்குக் கல்யாணம். லிந்துலையில் கோயில் மண்டபம். ஒன்பதரைக்கு முகூர்த்தம்.

*

விடியும்போதே தூறல். ஆவணி பிறந்தும் மழை மலையை விட்டு இறங்க மனசில்லாமல் கிடந்தது.

அழகுமுத்து காரைக் கழுவி, முன்பக்கம் சாமந்தி மாலை கட்டியிருந்தான். முந்தின நாள் நாலு டயருக்கும் காற்று அடித்து, ஸ்பேர் வீலையும் தட்டிப் பார்த்துத்தான் படுத்தான். டிக்கியில் கால் கழுவுகிற பித்தளைத் தாம்பாளத்தையும் செம்பையும் துணியில் சுற்றி அவனே வைத்தான்.

காளியாயி பின்பக்கப் படியில் நின்றிருந்தாள். அந்த வீட்டு வாசலை அவள் மிதித்ததே இல்லை. இன்றைக்கு மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாரும் கல்யாணத்துக்குப் போய்விட்டால் கிழவருக்குக் கஞ்சி ஊட்ட ஆள் வேண்டுமே! பெற்ற மகன் சபையில் நின்று கால் கழுவப்போகிறதைப் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. கிழவரின் எச்சில் துடைக்கத்தான் கொடுத்துவைத்திருந்தது.

"பட்டுச் சட்டை உனக்கு எடுப்பா இருக்குப்பா," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இந்த வீட்டுக் கண்ணு பொல்லாத கண்ணு. மூக்கன் பூசாரிகிட்டப் போய் ஒரு பழம் மந்திரிச்சு வாங்கியாந்திருக்கேன். நீ ஓட்டுற பக்கத்து ரோதைக்குக் கீழ வச்சிருக்கேன். அது மேல ஏத்தித்தான் எடுக்கணும், சரியா?"

"அதான் பெரியம்மா நாலு ரோதைக்கும் எலுமிச்சம்பழம் வச்சிட்டாங்களே?"

"அவங்க வச்சது காருக்கு. நான் வச்சது உனக்கு."

நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் போவது எல்லாரும் செய்கிறதுதான். அவன் சிரித்துக்கொண்டே ஏறினான். பழம் நசுங்கும் சத்தம்கூடக் கேட்டது. காளியாயி கையெடுத்துக் கும்பிட்டாள்.

*

டயகமப் பாதையை விட்டு அக்கரப்பத்தனை தாண்டியதுமே ஸ்டியரிங் வலது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. ஆற்றோரத்து வளைவில் முன் சக்கரம் தடதடவென்று அடிக்க, அழகுமுத்து காரை ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தான். வலது முன் டயர் சப்பையாகத் தரையோடு கிடந்தது.

பின்னால் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்த தோட்டத்து லொறியும் நின்றது.

பேச்சியம்மா பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். டயரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"நேத்தே பார்த்து வைக்கிறதுக்கு என்னா?"

"பார்த்தேன் பெரியம்மா. காத்தெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"சரியா இருந்தா இப்ப ஏன் படுத்துக்கெடக்கு?" அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போடாமல் பேசுவதுதான் அவளுடைய பலம். "முகூர்த்தம் நிக்காது. நாகு, இறங்கு. லொறியில முன்னால ஏறிக்க. செல்லசாமி, நீயும் வா."

செல்லசாமி பேச்சியம்மாவின் தங்கை மகன். நோட்டன் பிரிட்ஜில் கிளார்க்கு. மெருகு மங்காத சப்பாத்து, மடிப்புக் கலையாத வேட்டி. "நான் வேணும்னா கூட நிக்கவா?" என்று கேட்டுக்கொண்டே லொறியில் ஒரு காலை வைத்துவிட்டான்.

"நீ எதுக்கு நிக்கணும்? ஒரு டயர்தானே, அவன் மாத்தாததா? மாத்திட்டு மெதுவா வருவான்."

அந்த 'மெதுவா'வில் இருந்தது விஷயமெல்லாம்.

நாகலெட்சுமி இறங்கினாள். கழுத்து நிறைய நகையும் தலை நிறையப் பூவுமாக, தூறலில் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரே அப்பனுக்குப் பிறந்தவர்கள் என்பது இரண்டு பேரின் மூக்கிலும் எழுதி ஒட்டியிருந்தது. பெரிய வீட்டில் அவனை 'அண்ணே' என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவள். அதுவும் யாரும் இல்லாத நேரத்தில், கார் கொட்டகை வாசலில்.

"வந்துருவியா அண்ணே?"

"வந்துருவேன். நீ போம்மா."

"நீ வந்து கால் கழுவாம நான் மணவறைக்கு வர மாட்டேன். பார்த்துக்க."

"நாகு!" என்றாள் பேச்சியம்மா.

லொறி கிளம்பியது. மேலே நின்ற சொந்தக்காரர்களில் யாரோ ஒருத்தர் கையை ஆட்டினார். கேலியோ, அனுதாபமோ, தெரியவில்லை. வளைவைத் தாண்டியதும் ரோட்டில் அவனும் காரும் சாமந்தி மாலையும்தான் மிச்சம்.

*

பட்டுச் சட்டையைக் கழற்றிக் கண்ணாடிக் கம்பியில் மாட்டினான். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினான். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்கள் உருளாமல் இருக்க இரண்டு கல்லைப் பொறுக்கி அண்டை கொடுத்தான். டிக்கியில் தாம்பாளத்தை நகர்த்தி வைத்துவிட்டு ஸ்பேர் வீலை உருட்டி எடுத்தான்.

டயர் மாற்றுகிறது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கை வேலை செய்யும்போது மனசு சும்மா கிடக்குமா?

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும். தூக்கின பிறகு திருகினால் சக்கரம் சேர்ந்து சுற்றும். முதல் நட்டு சுலபமாகக் கழன்றது. 'யார் செய்த வேலை?' இரண்டாவது நட்டு. 'நேற்று ராத்திரி கொட்டகைப் பக்கம் செல்லசாமி சிகரெட் பற்றவைக்க வந்தானே?' மூன்றாவது நட்டு துருப்பிடித்து அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்று உடம்புப் பாரத்தையெல்லாம் கொடுத்தான். 'வந்தவன் சும்மா வந்தானா, இல்லை பெரியம்மா அனுப்பி வந்தானா?' கிரீச்சென்று நட்டு விட்டுக்கொடுத்தது. அதற்குள் செல்லசாமி டயரில் ஆணி அடிப்பதை நேரில் பார்த்த மாதிரியே ஆகிவிட்டது அவனுக்கு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

பேச்சியம்மாவை மட்டும் சொல்லியும் குற்றமில்லை. கட்டின புருஷன் இன்னொருத்தி வீட்டுப் படலைத் திறந்துகொண்டு போகிறதை இத்தனை வருஷம் பார்த்தவள் அவள். அவர் மேல் காட்ட முடியாத கோபத்தை அழகுமுத்துவின் சோற்றுத் தட்டில் போட்டாள். நியாயம் இல்லைதான். ஆனால் நியாயமான கோபம் என்று ஒன்றை யார் வீட்டில் பார்த்தோம்?

ஜாக்கியை அடியில் வைத்துச் சுற்றினான். கார் எழும்புவதற்குப் பதில் ஜாக்கி ஈர மண்ணுக்குள் இறங்கியது. ஒரு தட்டைக் கல்லைத் தேடி எடுத்து, அதன் மேல் ஜாக்கியை வைத்துச் சுற்றினான். கார் மெல்ல எழும்பியது. டயர் தரையை விடப்போகிற நேரத்தில் கல் வழுக்கி, ஜாக்கி சாய்ந்து, கார் தொப்பென்று உட்கார்ந்தது. புறங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

மேலே தேயிலைச் செடிகளுக்குள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பொம்பளைகள் பார்த்துவிட்டார்கள்.

"யாரு, காளியாயி மகனா? என்னாப்பா, பெரிய வீட்டு ஆளுக ஒருத்தரும் நிக்கலையா?"

"முன்னால போயிட்டாங்க."

"போவாங்க, போவாங்க. நாங்க வேலையைப் போட்டுட்டு இறங்கி வந்தா கண்டாக்கையா கத்துவாரு, இல்லாட்டி வந்து தூக்கியிருப்போம்."

சொன்னது உண்மைதான். ஆனாலும் அதில் ஒரு குத்தல் இருந்தது. லயத்துக்காரர்களுக்கு அவன் பெரிய வீட்டு ஆள். பெரிய வீட்டுக்கு அவன் லயத்துக்காரன். இரண்டுக்கும் நடுவில் ரோட்டில் நிற்கிறதுதான் அவன் பிழைப்பு.

*

அந்த நேரத்தில்தான் ஹமீத் நானாவின் வேன் வந்தது. டயகமப் பக்கத்து மரக்கறியெல்லாம் வாங்கி தலவாக்கலையில் ரயிலுக்கு ஏற்றுகிறவர். பெரிய கங்காணிக்குப் பழக்கமானவர். அழகுமுத்துவைக் கண்டதும் நிறுத்தித் தலையை நீட்டினார்.

"என்ன தம்பி இது! கல்யாண வண்டி நடு ரோட்டில நிக்குது?"

அழகுமுத்து விஷயத்தைச் சொன்னான். ஹமீத் கதவைத் திறந்தார்.

"ஏறுங்க. காரைப் பூட்டிட்டு ஏறுங்க. லிந்துலைக் கோயில் வாசல்ல இறக்கி விடுறேன். முகூர்த்தத்துக்கு நல்லா நேரம் இருக்கு."

அழகுமுத்து ஒரு கையால் வேன் கதவைப் பிடித்தான். பிடித்தவன் திரும்பிக் காரைப் பார்த்தான்.

வாசகர்களே, இந்த இடத்தில் நாமெல்லாம் "ஏறுடா!" என்றுதான் கத்தியிருப்போம். ஆனால் இத்தனை வருஷம் அந்த வீட்டில் அவன் படித்த பாடம் ஒன்றே ஒன்று. காருக்கு ஒரு கீறல் விழுந்தாலும் அவன் முதுகில் விழும். பெண்ணும் மாப்பிள்ளையும் ஊர்வலமாகப் போக வேண்டிய கார். அதை ஆற்றோரத்தில் அநாதையாகப் போட்டுவிட்டு வந்து நின்றால் பெரியம்மா என்ன சொல்வாள்? 'கார் ஓட்டவே லாயக்கில்லாதவன், அண்ணனா நிக்க வந்துட்டான்' என்பாள். அதுவும் சபையில் சொல்வாள். காரோடு போய் இறங்கினால்தான் மதிப்பு. தாம்பாளமும் செம்பும் தன்னிடம் இருக்கும்போது, தான் இல்லாமல் எப்படிக் கால் கழுவிவிடுவார்கள்? அதோடு, நாகு சொல்லியிருக்கிறாளே!

"வேணாம் நானா. ஒரு டயர்தானே. மாத்திட்டுக் காரோடயே வந்துர்றேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க தம்பி. கூடமாட நிக்கலாம்னா எனக்கு ரயில் போயிரும்."

"பரவால்லைங்க."

"அப்ப நான் போற வழியில உங்க ஆக்கள்கிட்டச் சொல்லிட்டுப் போறேன். என்னன்னு சொல்லட்டும்?"

"காரோட வர்றேன்னு சொல்லுங்க."

ஹமீத் உதட்டைப் பிதுக்கினார். பிறகு வேனின் பின்பக்கம் போய், உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றை எடுத்து வந்து போட்டார். "இதை ஜாக்கிக்கு அடியில வைங்க. கல்லு நிக்காது." வேன் புறப்பட்டுப் போய்விட்டது.

பலகை நின்றது. ஜாக்கி நின்றது. கார் எழும்பியது.

நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, உருண்டு ஓடாமல் கழற்றி வைத்த சக்கர மூடிக்குள் போட்டான். சக்கரத்தை இரண்டு கையாலும் ஆட்டி இழுத்து எடுத்தான். கீழே சாய்த்து வைக்கும்போது டயரின் முகத்தில் ஏதோ மின்னியது. குனிந்து தடவினான். ஆணித் தலை.

'அகப்பட்டான்!' என்று நினைத்தான். குறடு ஒன்றை எடுத்து ஆணியைப் பிடித்து இழுத்தான். வந்தது விரல் நீளத்து இரும்பாணி. ஆணியோடு கூட, நசுங்கிச் சக்கையாகிப்போன எலுமிச்சம்பழத் தோலும் வந்தது. ஆணியின் கழுத்தில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. நூலில் குங்குமம்.

மூக்கன் பூசாரி மந்திரிக்கிற விதம் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். பழத்தில் சிவப்பு நூல் சுற்றின இரும்பாணியைப் பாய்ச்சிக் கொடுப்பார். பகையைக் குத்திக் கட்டுகிற பழம் அது. நிலைப்படியில் புதைப்பார்கள், முச்சந்தியில் போடுவார்கள். சக்கரத்தடியில் யாரும் வைக்க மாட்டார்கள். காரையே கிட்டத்தில் பார்க்காத ஒருத்திக்கு, அதன் ரோதை ரப்பர் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? மாட்டு வண்டிக்கு வைக்கிற மாதிரி வைத்துவிட்டாள். கண்ணேறு படக்கூடாது என்று வைத்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அழகுமுத்து அந்த ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

இவ்வளவு நேரம் செல்லசாமியின் கழுத்தை எத்தனை தடவை நெரித்திருப்பான்! அந்தக் கோபம் அவனுக்கு ஒரு தெம்பாகக்கூட இருந்தது. இப்போது அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? அம்மாவின் தலையிலா? வெற்றிலைக்குக்கூடச் செலவழிக்க யோசிக்கிறவள், சேவல் கொடுத்து மந்திரித்து வாங்கி வந்திருப்பாள். 'நான் வச்சது உனக்கு' என்றாளே.

அழுகை வந்தது. கொழுந்து பறிக்கிறவர்கள் பார்ப்பார்களே என்று குனிந்துகொண்டு அழுதான்.

இதை அம்மாவிடம் சொல்லக்கூடாது. யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால், 'பெத்தவளே சூனியம் வச்சாள்' என்று பெரியம்மா ஊரைக் கூட்டிவிடுவாள். ஆணியையும் நூலையும் ஆற்றுக்குள் விட்டெறிந்தான். ஸ்பேர் வீலைத் தூக்கி மாட்டினான். நட்டுகளை முடுக்கினான், ஜாக்கியை இறக்கினான், மறுபடி முடுக்கினான். சட்டையைப் போட்டுக்கொண்டபோது பட்டில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன.

*

லிந்துலையில் கார் கோயில் தெருவுக்குள் திரும்பும்போதே கெட்டிமேளம் கேட்டது.

கெட்டிமேளம் என்றால் தாலி ஏறிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சமாதானமும் கிடையாது. இருந்தாலும் அவன் தாம்பாளத்தையும் செம்பையும் எடுத்துக்கொண்டு ஓடினான். பந்தல் வாசலில் தரை ஈரமாக இருந்தது. பக்கத்தில் யார் வீட்டிலோ கேட்டு வாங்கின எனாமல் பேசின் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. உள்ளே செல்லசாமி தலையில் ஜரிகைத் தலைப்பாகையோடு நின்றான். கால் கழுவினவனுக்கு மாப்பிள்ளை வீட்டார் கட்டுகிற தலைப்பாகை.

தாம்பாளத்தைக் கண்ட பேச்சியம்மா கிட்டே வந்து அதை வாங்கிக்கொண்டாள். "வந்துட்டியா? போய்க் கையைக் கழுவு. சனம் பாக்குது."

கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் அவன் மண்ணைப் போட்டுக் கையைத் தேய்த்தான். கிரீஸ் லேசில் போகிற சாமானா! தேய்க்கத் தேய்க்க உரிந்த தோல்தான் எரிந்தது.

சேலை மாற்ற வந்த நாகலெட்சுமி அறை வாசலில் அவனைப் பார்த்து நின்றாள். கழுத்தில் புதுத் தாலி. இடது கன்னத்தில் பவுடரையும் மீறிச் சிவப்பு.

"கன்னத்துல என்னம்மா?"

"அம்மா அடிச்சாங்க." அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "மாப்பிள்ளை செருப்பைக் கழட்டிட்டு வாசல்ல நின்னுக்கிட்டே இருந்தாரு. எங்கண்ணன் வராம நான் எந்திரிக்க மாட்டேன்னு இந்த அறையில உக்காந்துட்டேன். எல்லாரும் வந்து கேட்டாங்க, எந்திரிக்கல. அடிச்சாங்க, அப்பவும் எந்திரிக்கல."

"நாகு..."

"அப்புறம் ஹமீத் நானா வந்தாரு. 'ஏறச் சொன்னேன், ஏறல, காரோட வர்றேன்னு சொல்லிட்டாரு'ன்னு சொன்னாரு. அதுக்கு அப்புறந்தான் எந்திரிச்சேன்."

ஆணியைச் சொல்லலாமா? சொன்னால் அம்மாவைச் சொல்ல வேண்டும். சொல்லித்தான் என்ன? ஏறாமல் நின்றதற்கு ஆணியா காரணம்?

"நீ போறதுக்கு வண்டி வேணுமேம்மா. கல்யாணப் பொண்ணு நடந்தா போறது?"

"நடந்து போயிருப்பேன் அண்ணே. உங்கிட்ட நான் காரா கேட்டேன்?" அவள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அப்பா உன்னைய மகன்னு சொன்னாரு. நான் அண்ணன்னு அடி வாங்கினேன். நீதான் இன்னும் டிரைவராவே இருக்க."

அறைக் கதவு சாத்திக்கொண்டது. குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அவனுக்கு அதை மூடத் தோன்றவில்லை.

*

பந்தி முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் புறப்பட்டார்கள். அழகுமுத்து காரை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, வழக்கம்போல இறங்கிப் பின் கதவைத் திறந்து பிடித்தான். மாப்பிள்ளையின் தாய்மாமன் வீரய்யா, வாயும் வயிறும் பெரிதான மனிதர், நின்று ஒழுங்கு பண்ணினார்.

"மாப்பிள்ளையும் பொண்ணும் பின்னால. மச்சான் தம்பி முன்னால ஏறுங்க, கால் கழுவுன கை முன்னால இருக்கணும்." செல்லசாமி ஏறினான். வீரய்யாவின் கண் அழகுமுத்துவின் சட்டையில் நின்றது. "ஆமா, நிச்சயதார்த்தத்துல பெரிய கங்காணி மகன்னு காட்டினது இவரைத்தானே?"

கேள்வி வாசல் நடுவில் விழுந்தது.

பேச்சியம்மா சிரித்தாள். "அவருக்கு அப்பவே புத்தி தடுமாறிடுச்சுங்க. இது நம்ம வீட்டு டிரைவர். சின்னதுல இருந்து நம்ம வீட்டுச் சோறு தின்னு வளர்ந்தவன், அதனால அவருக்கு ஒரு பாசம்."

அழகுமுத்து காருக்குள் இருந்த நாகலெட்சுமியைப் பார்த்தான். அவள் மடியில் இருந்த மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஓகோ, அப்படியா! சரி டிரைவர், வண்டியை எடுப்பா," என்றார் வீரய்யா.

அழகுமுத்து ஏறி உட்கார்ந்தான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கியருக்குப் போன கை பாதி வழியில் நின்றது. சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தான். சாவியை உருவி செல்லசாமியின் மடியில் வைத்தான். கதவைத் திறந்து இறங்கினான்.

"என்னா இது, எனக்குக் கார் ஓட்டத் தெரியாதே!" என்று அலறினான் செல்லசாமி.

"கால் கழுவத் தெரிஞ்சுச்சில்ல? இதையும் பழகிக்க."

மாலை போட்ட கார் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வைத்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றது. சனம் கசகசவென்று பேச ஆரம்பித்தது. அழகுமுத்து சனத்தை விலக்கிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான். தோட்டத்துப் பக்கம் இல்லை. தலவாக்கலை ஸ்டேஷன் பக்கம்.

"அண்ணே!"

நாகலெட்சுமி கார்க் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டிக் கூப்பிட்டாள். சபையறிய, மாப்பிள்ளை பக்கத்தில் இருக்க, தொண்டை கிழியக் கூப்பிட்டாள். இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவன் விடிந்ததில் இருந்து உயிரைக் கொடுத்தான். ஒரு நிமிஷம் முந்தி அது வந்திருந்தால் அவள் காலடியிலேயே விழுந்திருப்பான். இப்போது அது நன்றாகவே காதில் விழுந்தது. அவன் திரும்பவில்லை.

"அண்ணே, நில்லு அண்ணே!"

கடைவீதி முனை வந்துவிட்டது. பின்னால் வேகமாக வருகிற பட்டுச் சேலையின் சரசரப்புக் கேட்டது. பேச்சியம்மா. மூச்சு வாங்கியது அவளுக்கு. ஆனாலும் சத்தம் போடவில்லை. சத்தம் போடாமல், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"போறதுன்னா தாராளமா போ. ஆனா உங்கம்மா இப்ப எங்க வீட்டுக்குள்ள இருக்கா. பெட்டி சாவியெல்லாம் அங்கதான் தொங்குது. சாயங்காலம் போய், இன்ன நகையைக் காணோம்னு நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கொழுந்துக்காரி எடுக்கலைன்னு சாட்சி சொல்ல யாரு இருக்கா? அவருக்குத்தான் வாய் இல்லையே!"

தங்கை கூப்பிட்டு நிற்காத கால் அங்கே நின்றுவிட்டது.